அவர்களிடம் என்ன பேசுவது?

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். பல வருஷங்களாகப் பட்டிமன்றங்களிலும் பேசிவருகிறேன். தற்கொலைத் தடுப்பு உதவி எண் ஒன்றில் தன்னார்வலராகச் சேரலாம் என்றிருக்கிறேன். குறளும் பாரதியும் கைவசம் இருப்பதால் மனமுடைந்தவர்களை நாலு வார்த்தை சொல்லித் தேற்றிவிடலாம் என்று நம்பிக்கை. வீட்டில், ‘உங்களுக்கே ரத்தக்கொதிப்பு, இது எதுக்கு?’ என்கிறார்கள். போன வருஷம் தங்கை மகன் இப்படிப் போனதிலிருந்து ஏதாவது செய்யவேண்டும் என்றிருக்கிறது. நீங்கள் சில காலம் இந்தப் பணியில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் என்ன பேசவேண்டும்? முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளலாமா?

எஸ்.கே., திருச்சி

அன்புள்ள எஸ்.கே.,

தயாரிக்காதீர்கள். பட்டிமன்றத்தில் எதிரணிக்காரர் முடிப்பதற்குள் உங்களுக்குப் பதில் தயாராகிவிடும் இல்லையா? அந்தப் பழக்கம்தான் இங்கே முதலில் இடிக்கும். அழைப்பவர் பாதிப் பேச்சில் நின்றுவிடுவார். பின்னால் டி.வி. ஓடும், யாரோ பாத்திரம் கழுவுவது கேட்கும். அந்த இடைவெளியில் நுழைந்து நீங்கள் ஒரு குறளைச் சொன்னால், ‘சரிங்க சார்’ என்று மரியாதையாக வைத்துவிடுவார். அவர் சொல்ல வந்தது அவரிடமே தங்கிவிடும்.

‘பிள்ளைங்கள நினைச்சுப் பாருங்கம்மா’ என்பது நம் ஊரில் எல்லோர் வாயிலும் வருவது. அந்த அம்மா நினைக்காமலா இருப்பார்? நான் இல்லாவிட்டால்தான் அதுங்க நிம்மதியா இருக்கும் என்கிற இடத்துக்கே வந்திருப்பார். நீங்கள் சொன்னதும் குற்ற உணர்ச்சி இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

பயிற்சியில் நிறையப் பேருக்கு நாக்கு புரளாத கேள்வி ஒன்று உண்டு: ‘சாகணும்னு நினைக்கிறீங்களா?’ கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். இந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. நேராகவே கேட்கவேண்டும். ‘தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?’ என்று கேட்டீர்களானால் ‘இல்லை’ என்ற பதிலையும் நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். போதாததற்கு, நினைப்பதே தப்பு என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. நேராகக் கேட்டதும் சிலர் பெருமூச்சு விடுவார்கள். அதை வாய்விட்டுக் கேட்ட முதல் ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தன் தேவாலயத்தில் இப்படியொரு தொலைபேசியை வைத்தார். ஆலோசனை சொல்வது அவர் வேலை என்றுதான் ஏற்பாடு. நேரிலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். அவர்களிடம் பேசியதே போதும் என்று பலர் பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்கள். சில மாதங்களிலேயே அவர் அந்த வேலையை அவர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு வளர்ந்த கதை இது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையமும் இப்படித் தன்னார்வலர்களை நம்பி நடப்பதுதான். (தேர்வில் தோற்ற பிள்ளைகள் ஒரு வருஷம் வீணாகாமல் சீக்கிரமே மறுபடி எழுதும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்ததில் சினேகாவுக்கும் பங்குண்டு. ரிசல்ட் நாட்களில் போன் எடுத்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.)

வீட்டில் பயப்படுவதைத் தள்ளிவிடாதீர்கள். பேசாமலே வைத்துவிடும் அழைப்புகள், ஆபாசம் பேசுகிறவர்கள், குடித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் எல்லாம் உண்டு. கேட்டதை வீட்டில் சொல்லக்கூடாது, சொந்த நம்பரைக் கொடுக்கக்கூடாது. ஷிப்ட் முடிந்ததும் மையத்தில் உள்ளவர்களிடமே இறக்கிவைத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். எனக்குக் கடைசிவரை பழகாதது, பேசியவருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாமலே போவது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை இருக்கிறது. இதற்குக் கிடையாது.

ஆள் தேவையில்லை என்று சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் தமிழ்நாட்டில் மட்டும் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பட்டிமன்றமும் இல்லை, குறளும் இல்லை. தங்கை மகனைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நேர்காணலில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். அண்மையில் இழப்பைச் சந்தித்தவர்களைக் கொஞ்ச காலம் பொறுத்து வரச் சொல்வதும் உண்டு. அதைத் தகுதிக்குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எவனோ ஒரு பையன் அழைப்பான், அவன் குரலில் உங்களுக்கு உங்கள் வீட்டுப் பையன் கேட்பான். அப்போது நீங்கள் யாரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்?

அவனைப் பற்றி யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா? தங்கையிடமாவது? பேசவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், இங்கே வெளியிட மாட்டேன். முகம் தெரியாதவரிடம் சொல்வதுதான் சுலபம் என்று தோன்றினால், 2022இல் ஒன்றிய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சாக நினைப்பவர்களுக்கு மட்டுமான எண் இல்லை அது. முதலில் அங்கே பேசுங்கள். விண்ணப்பத்தை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.