சுருள் கொடி நெளியாமல் வர என்ன செய்வது?

கேள்வி: திருமணப் பத்திரிகை, வரவேற்புப் பலகை, ஸ்டிக்கர் வேலைகள் செய்கிறேன். மணமக்கள் பெயரைச் சுற்றி வரும் சுருள் கொடிகளை ஆயத்தப் படங்களிலிருந்து எடுக்காமல் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நானே வரைய ஆசை. பென்சில் கருவியால் மவுஸை இழுத்து வரைகிறேன். திரையில் பரவாயில்லை போலத் தெரிகிறது. கட்டிங் பிளாட்டரில் (கணினிப் படத்தைப் பிளேடால் வெட்டும் இயந்திரம்) வெட்டியதும் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கிராஃபிக் டேப்லெட் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். டேப்லெட் கை ஓவியத்துக்கு நல்ல கருவிதான், ஆனால் உங்கள் சிக்கல் வேறு. நீங்கள் அனுப்பிய கோப்பில் ஒரே ஒரு சுருளில் கோட்டின் வடிவத்தைத் தாங்கும் புள்ளிகள் (நோடுகள்) நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. மவுஸ் நடுங்கிய ஒவ்வொரு இடத்தையும் பென்சில் கருவி அப்படியே பதிவு செய்திருக்கிறது. அதே சுருளை ஏழெட்டுப் புள்ளிகளில் முடித்துவிடலாம். 'சிம்ப்ளிஃபை' கட்டளை கொடுத்தால் எண்ணிக்கை குறையும் என்பது உண்மை. ஆனால் மிச்சமிருக்கும் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. உருவமும் சற்று மாறிவிடும்.

புள்ளி கூடினால் ஏன் கோடு கெடுகிறது? மலைப்பாதையில் பஸ் ஓட்டும் தேர்ந்த டிரைவரைக் கவனித்திருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக ஒடிப்பார். சிறிது சிறிதாகவே விடுவார். வெடுக்கென்று ஒடித்தால் உள்ளே இருப்பவர்கள் சாய்ந்து விழுவார்கள். கோட்டிலும் அதுதான் நடக்கிறது. சுருளுக்குள் போகப் போக வளைவு இறுகிக்கொண்டே போக வேண்டும். இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகினால் கண் அந்த இடத்தில் தடுக்கும். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் அப்படி ஒரு தடுக்கல் ஏற்படக்கூடிய இடம்.

இந்த மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான பெசியே வளைவு பிறந்ததே கார் தொழிற்சாலைகளில்தான். சிட்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோ 1959இல் இந்தக் கணக்கை வகுத்தார். ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியே 1960களில் தனியாக இதே வழிக்கு வந்து பரவச் செய்தார். கார் உடலின் நீண்ட வளைவைச் சில புள்ளிகளையும் அவற்றின் கைப்பிடிகளையும் (புள்ளியிலிருந்து நீண்டு, கோடு எந்தப் பக்கம் எவ்வளவு வளையும் என்று தீர்மானிக்கும் சிறு கோடுகள்) கொண்டு துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும் என்பதே நோக்கம். அந்தச் சிக்கனத்தைப் பின்பற்றினால் கோடு தானாக அழகாகும்.

இனி வேலைக்கு வருவோம். கொடியை முதலில் தாளில் பென்சிலால் வரையுங்கள். கை தாராளமாகச் சுழலும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். அதைப் படமெடுத்து இங்க்ஸ்கேப்பில் ஓர் அடுக்கில் வைத்து, மங்கலாக்கிப் பூட்டுங்கள். மேலே புதிய அடுக்கில் பென் கருவியை எடுங்கள். புள்ளி வைக்க வேண்டிய இடங்கள் நான்கே வகை: வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி. உச்சியிலும் அடியிலும் கைப்பிடி படுக்கையாக இருக்க வேண்டும், இரு பக்கக் கோடிகளிலும் செங்குத்தாக. கண்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் கைப்பிடி பிசகாமல் நிற்கும். ஆக, ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு புள்ளிகள் போதும்.

கைப்பிடியின் நீளத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். கால் வட்டம் சரியாக அமைய, கைப்பிடி ஆரத்தில் ஏறத்தாழ 0.55 பங்கு இருக்க வேண்டும். சுருளின் இடக்கோடியிலிருந்து உச்சிக்குப் போகும் கோடு 20 மில்லிமீட்டர் உயர்ந்து, 15 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்கிறது என்று வையுங்கள். இடக்கோடியிலிருந்து மேலே போகும் கைப்பிடி 11 மில்லிமீட்டர். உச்சியிலிருந்து இடப்பக்கம் நீளும் கைப்பிடி 8 மில்லிமீட்டர். இங்கிருந்து தொடங்கிக் கண்ணால் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சுருள் உள்ளே போகப் போகச் சிறுப்பதால், ஒரே புள்ளியின் இரு பக்கக் கைப்பிடிகளும் ஒரே நீளத்தில் இருக்க முடியாது. எனவே புள்ளியை 'சிமெட்ரிக்' வகையில் வைக்காதீர்கள். ஷிஃப்ட் எஸ் அழுத்தி 'ஸ்மூத்' வகைக்கு மாற்றுங்கள். கைப்பிடிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும், நீளம் மட்டும் உங்கள் விருப்பம்.

கணக்கே வேண்டாம் என்றால் பென் கருவியில் 'ஸ்பைரோ' என்றொரு முறை இருக்கிறது. ராஃப் லீவியன் வகுத்தது. எழுத்துரு வரையும் வேலைக்காகவே யோசிக்கப்பட்டது. நீங்கள் புள்ளிகளை மட்டும் சொடுக்கிக்கொண்டே போனால் போதும், வளைவு சீராக மாறும்படி கோட்டை அது கணக்கிட்டுக்கொள்ளும். கொடி வேலைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் புள்ளிகளின் இடைவெளி ஏறுமாறாக இருந்தால் கோடு திடீரென்று எங்கோ சுழன்று ஓடும். அப்போது ஒரு புள்ளியை நகர்த்தினாலே அடங்கிவிடும். உருவம் திருப்தியானதும் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து நிலையாக்குங்கள்.

அடுத்தது தடிமன். உங்கள் கோப்பில் கொடியின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியாக வரைந்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் ஓரங்கள் ஒன்றுக்கொன்று இசையாது. முதலில் நடுக்கோட்டை மட்டும் வரையுங்கள். அதற்குத் தடிமன் தருவது தனி வேலை. பாத் எஃபெக்ட்டுகளில் 'பவர் ஸ்ட்ரோக்' இருக்கிறது. கோட்டின் எந்த இடத்திலும் ஒரு பிடியை இழுத்து அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு 'விட்த் டூல்'. கோரல்டிராவில் 'ஆர்ட்டிஸ்டிக் மீடியா' ஓரளவு உதவும். புள்ளி வைக்கும் விதி அங்கேயும் இதேதான்.

எங்கே தடிக்க வேண்டும் என்பதைக் கூர் நிப் பேனா எழுத்திடம் கற்றுக்கொள்ளலாம். கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தம் விழும், மேலே ஏறும்போது கோடு மெலியும். ஆகவே நீண்ட இறக்கத்தின் நடுவில் தடிப்பு, திருப்பங்களில் மெலிவு. சுருளின் உள்முனையில் ஒரு சிறு துளி வடிவம் வைத்தால் கோடு அந்தரத்தில் நிற்காது. இரண்டு கோடுகள் குறுக்கிட்டால் ஒன்றாவது மெலிந்த பகுதியாக இருக்கட்டும். கூடியவரை செங்குத்தாக வெட்டிக்கொள்ளட்டும். சாய்ந்து வெட்டினால் அந்த இடத்தில் கறுப்பு தேங்கி அழுக்குப் போலத் தெரியும்.

கிளை பிரியும் இடம்தான் தேர்ந்த கையையும் பழகாத கையையும் காட்டிக்கொடுக்கும். நம் கோயில் தூண்களிலும் நிலைகளிலும் உள்ள கொடிக்கருக்கை (செதுக்கிய கொடி வேலைப்பாட்டை) நேரில் போய்ப் பாருங்கள். கிளை தாய்த் தண்டோடு சிறிது தூரம் ஒட்டியே ஓடி, பிறகுதான் விலகும். தண்டு போகும் திசையிலேயே புறப்படும். எதிர்த் திசையில் குத்திக்கொண்டு நிற்காது. நீங்களும் கிளையின் முதல் கைப்பிடியைத் தண்டின் போக்கிலேயே படுக்க வையுங்கள். உங்கள் மாதிரியில் மூன்று கிளைகள் தண்டிலிருந்து நேராக முளைத்திருக்கின்றன. மற்றதையெல்லாம் விட்டு அவற்றை மட்டும் திருத்தினாலே படம் பாதி சரியாகிவிடும்.

பத்திரிகைத் தலைப்புக்கு இருபுறமும் ஒத்த கொடி வேண்டுமானால் ஒரு பாதியை மட்டும் வரைந்து, நகலெடுத்து, எச் பொத்தானால் திருப்புங்கள். இரண்டையும் 'கம்பைன்' செய்து, நடுவில் சந்திக்கும் இரு புள்ளிகளைத் தேர்ந்து ஷிஃப்ட் ஜே அழுத்தினால் இணைந்துவிடும். இணையும் இடத்தில் கைப்பிடி மிகச் சரியாகப் படுக்கையாக இருக்க வேண்டும். ஒரு பாகை சாய்ந்தாலும் நடுவில் கூரை முகடு போல ஒரு முனை தெரியும்.

வெட்டுவதற்கு அனுப்பும் முன் 'ஸ்ட்ரோக் டு பாத்', 'ஆப்ஜெக்ட் டு பாத்' ஆகியவற்றில் பொருந்துவதைக் கொடுத்து எல்லாவற்றையும் பாத் ஆக்கி, 'யூனியன்' கொடுத்து ஒரே உருவமாக்குங்கள். தனித்தனியாக விட்டால் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களிலெல்லாம் பிளேடு ஓடி, கொடி துண்டு துண்டாகும். வியூ மெனுவில் 'அவுட்லைன்' என்ற வெளிக்கோட்டுப் பார்வைக்கு மாறிப் பார்த்தால் மிச்சமிருக்கும் தேவையற்ற கோடுகள் தெரிந்துவிடும். வினைல் ஸ்டிக்கரில் முனைகளை ஊசியாக மெலிய விடாதீர்கள்; தேவையற்ற பகுதியை உரிக்கும்போது முனையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். தாளில் கறுப்பு மையில் அச்சிடும்போது இன்னும் மெல்லிய கோடு தாங்கும். தங்க ஃபாயில் என்றால், எவ்வளவு மெல்லிய கோடு நிற்கும் என்று உங்கள் அச்சகத்தில் கேட்டு, அந்த அளவில் ஒரு சிறு துண்டு மாதிரி அடித்துப் பார்த்த பிறகு முழு வேலையையும் கொடுங்கள்.