இறக்கிய சிவிக்கில் டயர் உள்பக்கம் தேய்கிறது: அட்ஜஸ்டபிள் பால் ஜாயின்ட் போடலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: 1997 மாடல் ஹோண்டா சிவிக்கில் வண்டியைத் தாழ்த்தும் லோவரிங் ஸ்பிரிங் போட்டீர்கள், முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் வழுக்கையாகின்றன, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்காரர் "கேம்பர் வைக்க இந்த வண்டியில் வழியில்லை" என்று கைவிரித்துவிட்டார் (கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்). அந்தச் சாய்வைச் சரிசெய்யும் அட்ஜஸ்டபிள் பால் ஜாயின்டை (சஸ்பென்ஷன் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் உருண்டை மூட்டு) வாங்கி வீட்டிலேயே மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் காசு செலவழிக்கும் முன் அலைன்மென்ட் கடையில் தந்த தாளில் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். வண்டியை இறக்கினால் கேம்பர் மட்டுமா மாறும், டோவும் மாறும். டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான், பழி மட்டும் கேம்பர் மேல் விழும். சக்கரம் ஒன்றரை டிகிரி உள்சாய்ந்திருந்தாலும் டோ சரியாக இருந்தால் டயர் ஓரளவு நாள் தாங்கும். டோ தப்பினால் சக்கரம் உருள்வதோடு பக்கவாட்டிலும் தேய்ந்துகொண்டே போகும். டோ வைக்க ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் கம்பியைத் திருகினால் போதும், புதுச் சாமான் எதுவும் வேண்டாம். டோவைச் சரிசெய்த பிறகும் கேம்பர் இரண்டு டிகிரிக்கு மேல் உள்ளே இருந்தால்தான் நான் பால் ஜாயின்ட் பக்கம் போவேன்.

உங்கள் தலைமுறை சிவிக்கின் முன் சஸ்பென்ஷன் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும். வண்டி தாழத் தாழச் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும். அட்ஜஸ்டபிள் பால் ஜாயின்ட் உள்ள மேல் ஆர்மில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும், பால் ஜாயின்ட் அதில் நகரும். வெளியே தள்ளினால் சாய்வு குறையும், அவ்வளவுதான் சூட்சுமம். ஸ்விஃப்ட், மைவி மாதிரி முன்பக்கம் மேல் ஆர்முக்குப் பதில் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்க ஓட வேண்டாம். அவற்றில் பால் ஜாயின்ட் கீழ்தான், அதை வெளியே தள்ளினால் சாய்வு கூடிவிடும். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) சேருமிடத்தில் சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட் போடுவது மலிவு, எளிது.

நான் என் சிவிக்கில் மச்சானை உதவிக்கு வைத்துக்கொண்டு மேல் ஆர்மை மாற்றினேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். பால் ஜாயின்ட் நட்டு கழலாமல் காக்கும் கொட்டர் பின்னைப் பிடுங்கி அந்த நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்கக் கழற்ற வேண்டாம், சில மரை மிச்சம் இருக்கட்டும். ஜாயின்ட் திடீரென்று விடுபட்டால் அந்த நட்டுதான் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நக்கிளில் ஜாயின்ட் நுழையும் காதில் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு போடு போட்டால் விட்டுவிடும். கவட்டை மாதிரி ஃபோர்க் விட்டு நெம்பினால் ரப்பர் பூட் கிழியும். எப்படியும் எறியப்போகிற பழைய ஜாயின்ட் என்றால் பரவாயில்லை. மேல் ஜாயின்ட் விட்டதும் நக்கிள் வெளியே சாயும். அதை ஒரு கம்பியால் கட்டிவையுங்கள், பிரேக் ஹோஸ் பாரத்தைச் சுமக்கக் கூடாது.

புது ஆர்மை மாட்டும்போது ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். தொங்கலில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கொட்டர் பின் துளை நேராக வரவில்லையா? நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், பின்னால் திருப்பாதீர்கள். பின் புதிதாக இருக்கட்டும். ஒரு நாலணாச் சாமானுக்கு யோசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆச்சரியம்தான். ரொம்பத் தாழ்த்திய சிவிக்கில் மேல் ஆர்ம் பாடியின் உள்தகட்டில் இடிக்கும், அதையும் கவனியுங்கள்.

வேலை முடிந்ததும் நேரே அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். முதலில் கேம்பர், டோ கடைசியில், ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோ மாறும். இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள் நின்றால் நல்லது, இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முடித்த பிறகு ஜாயின்ட் நட்டின் மேலும் ஆர்மின் மேலும் சேர்த்து பெயின்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பள்ளத்தில் விழுந்து அது நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.