கேஸ் டர்பைன் எஞ்சின் வைத்த லாரிகள் ஏன் சந்தையில் நிலைக்கவில்லை? எண்ணெய் கம்பெனிகள் அமுக்கிவிட்டனவா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. (கேஸ் டர்பைன் என்றால், காற்றை அமுக்கி, அதில் எரிபொருளை எரித்து, அந்தச் சூடான வாயுவால் பிளேடு வைத்த சக்கரத்தைச் சுற்றவைக்கும் எஞ்சின்.) 1996இல் டிப்ளமோ கடைசி வருட செமினாருக்கு நான் எடுத்த தலைப்பே இதுதான். நீங்களும் மெக்கானிக்கல் கடைசி வருடம், ஃபோர்டு கம்பெனியின் அந்தச் சிவப்பு லாரி வீடியோவைப் பார்த்து மயங்கி, செமினாருக்கு ஆகுமா என்று யோசித்து இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்.

முதலில் இரண்டாவது கேள்வி. இல்லை, யாரும் அமுக்கவில்லை. டீசலைவிட அதிகம் குடிக்கிற எஞ்சினை எண்ணெய் விற்கிறவன் எதற்காக அமுக்க வேண்டும்? இங்கிலாந்தில் லேலண்டு கம்பெனி செய்த டர்பைன் லாரிகளை ஓட்டிப் பார்க்க வாங்கிக்கொண்டவர்களே எண்ணெய் கம்பெனிகள்தான்.

இப்போது என் கதை. அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். முதலில் சம்பளத்துக்கு, அப்புறம் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு பழைய ஆறு வீல் லேலண்டு. செமினாருக்கு முந்தின நாள் ராத்திரி, வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் என் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். ஃபோர்டு 1964இல் 'பிக் ரெட்' என்று ஒரு லாரி செய்தது. 600 குதிரைசக்தி டர்பைன். பின்னால் 40 அடி டிரெய்லர் இரண்டு, மொத்த நீளம் 96 அடி. நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்தார்கள், அமெரிக்காவின் குறுக்கே ஓட்டியும் காட்டினார்கள். கேபினுக்குள் சமையல் அடுப்பு, ஃபிரிட்ஜ், டிவி, கழிப்பறை எல்லாம் உண்டு.

அதுவரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "வண்டிக்குள்ளயே கக்கூஸா?"

எனக்கு எரிச்சல். நான் டர்பைன் பற்றிச் சொல்கிறேன், இவர் கக்கூஸைப் பிடித்துக்கொண்டாரே என்று. எண்ணெய் டாங்க் 280 கேலன், அதில் 600 மைல் போகும் என்று படித்தேன். அவர் லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டார். கணக்குப் போட்டால் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட வரவில்லை. வண்டியும் லோடும் சேர்த்து 77 டன் என்று சமாளித்தேன். அந்த எடையை டீசல் எஞ்சின் இழுத்தாலும் மைலேஜ் கேவலமாகத்தான் இருக்கும், அதில் நியாயம் உண்டு. பிறகு அவர் கேட்டது இது: "சரி, நிக்கும்போது எவ்வளவு குடிக்கும்?"

என் கையிலிருந்த புத்தகத்தில் அது இல்லை. மறுநாள் செமினாரில் டர்பைன் வேலை செய்யும் சுழற்சியைக் காட்டும் பிரேட்டன் சைக்கிள் வரைபடம் போட்டேன், எல்லோரும் தலையாட்டினார்கள், மார்க்கும் வந்தது. அப்பாவின் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

பதில் கிடைத்தது 2004இல், ஓமனில். கேஸ் டர்பைன் மின்நிலையம் ஒன்றில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாக இருந்தேன். (இன்ஜினியரா என்று கமெண்டில் கேட்க வேண்டாம். டிப்ளமோதான். பிளேடைக் கையில் தொட்டவன்.) ஒரு ராத்திரி மெஷினை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கொண்டுவந்துவிட்டோம், கரண்டை வெளியே அனுப்பும் யார்டில் ஏதோ பழுது, லைனோடு இணைக்கும் பிரேக்கரைப் போட முடியவில்லை. இரண்டு மணி நேரம் சும்மா சுற்றியது. ஒரு யூனிட் கரண்ட் வெளியே போகவில்லை. ஆனால் திரையில் எரிபொருள் அளவைப் பார்த்தால் முழு லோடில் போவதில் கிட்டத்தட்ட கால்வாசி போய்க்கொண்டிருந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்த அப்பாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

காரணம் எளிது. டர்பைன் உண்டாக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, காற்றை அமுக்கும் அதன் கம்ப்ரஸரே தின்றுவிடும். மிச்சம்தான் நமக்கு. லோடு குறைந்தாலும் கம்ப்ரஸர் சுற்றியே ஆக வேண்டும். எரியும் சூட்டைக் குறைத்தால் எஃபிஷியன்சியும் சேர்ந்து விழும். டீசல் எஞ்சின் அப்படியில்லை, சும்மா நிற்கும்போது கொஞ்சம்தான் குடிக்கும். லாரியின் பிழைப்போ செக்போஸ்ட்டில் நிற்பது, லோடு ஏற்ற நிற்பது, இறக்கத்தில் இறங்குவது, காலியாகத் திரும்புவது. முழுத் திறனில் ஒரே சீராக ஓடுவது எவ்வளவு நேரம் என்று லாரிக்காரரைக் கேளுங்கள், சிரிப்பார்.

இன்னொன்று, டர்பைனைச் சின்னதாக்கினால் அது கெட்டுப்போகும். பிளேடு நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள கூடான கேஸிங்குக்கும் நடுவில் உள்ள கிளியரன்ஸை நாங்கள் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளை நுழைத்து அளப்போம். ஆள் உயரச் சக்கரத்தில் அந்த இடைவெளி ஒரு பொருட்டில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுச் சக்கரத்தில் அதே இடைவெளி வழியாக உங்கள் காசு கசிந்துவிடும். 1950இல் போயிங் கம்பெனி 175 குதிரைசக்தி டர்பைனை ஒரு கென்வொர்த் லாரியில் வைத்தது. எஞ்சின் எடை சுமார் 90 கிலோதான், இரண்டு பேர் தூக்கிவிடலாம். குடித்ததோ டீசலைப்போலப் பல மடங்கு.

அதைச் சரிசெய்யத்தான் புகையோடு போகும் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் ரீஜெனரேட்டர் வைத்தார்கள். லேலண்டு 1968இல் லண்டன் வணிக வாகனக் கண்காட்சியில் காட்டிய லாரியில் இதற்குச் சுழலும் செராமிக் தட்டுகள். ஒரு பக்கம் நெருப்பாகக் கொதிக்கும் புகை, மறுபக்கம் காற்று, நடுவில் மெதுவாகச் சுற்றும் தட்டு, விளிம்பில் சீல். அந்தத் தட்டுதான் அவர்களைப் பாடாய்ப்படுத்தியது, விரிசல் விட்டது. ஒரு லாரியை இன்றும் லேலண்டு ஊர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது "நம்ம லேலண்டுக்காரனா?" என்று கேட்டார். ஆமாம், எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் பாதியைக் கொடுத்த அதே கம்பெனி.

பிரேக்கை மறந்துவிட்டேன். தொப்பூர் கணவாயில் இறங்கியிருக்கிறீர்களா? லோடு வண்டியைக் கியரில் பிடித்துத்தான் இறக்க வேண்டும், நியூட்ரலில் விட்டால் என்ன ஆகும் என்பதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இரண்டு தண்டு டர்பைனில் ஒரு தண்டு கம்ப்ரஸரைச் சுற்றும், லாரிச் சக்கரத்தோடு இணைந்த மற்றது தனியாகச் சுற்றும்; அதனால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் 1965இல் காட்டிய டர்போ டைட்டன் 3 லாரியின் எஞ்சினில் இரண்டு தண்டுகளையும் இணைக்க ஒரு கிளட்ச் வைத்து இதைச் சமாளித்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஒவ்வொரு குறைக்கும் ஒரு பாகம் சேர்த்துக்கொண்டே போனால் 'எளிமையான எஞ்சின்' என்ற பெருமை எங்கே போகும்? அதற்குள் 1973 எண்ணெய் நெருக்கடி வந்துவிட்டது. அதிகம் குடிக்கும் எஞ்சினுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

உடனே ஒருவர் வந்து "அமெரிக்க ராணுவத்தின் ஏப்ராம்ஸ் டாங்கி டர்பைனில்தானே ஓடுகிறது, ரயில்கூட ஓடியதே" என்பார். ஓடியது, நான் இல்லை என்று சொல்லவில்லை. டாங்கிக்கு எண்ணெய் வாங்குவது அரசாங்கம், மாதத் தவணை கட்டுகிற லாரி ஓனர் இல்லை. அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வே 1952இலிருந்து 1969வரை டர்பைன் எஞ்சின்களை ஓட்டியதற்குக் காரணம், யாரும் சீந்தாத கெட்டி எண்ணெய் மலிவாகக் கிடைத்ததுதான். அந்த எண்ணெய்க்கு வேறு கிராக்கி வந்து விலை ஏறியதும் மூட்டை கட்டிவிட்டார்கள். ஏதோ நான் டர்பைனுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள், பதினொரு வருடம் அது போட்ட சோறுதான் சாப்பிட்டேன். இன்று நம் ஊர் லாரிகள் பெரும்பாலானவற்றில் டர்போசார்ஜர் என்ற பெயரில் ஒரு குட்டி டர்பைன் புகையில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 2014இல் வால்மார்ட் காட்டிய சோதனை லாரியில் சின்ன டர்பைன், பேட்டரிக்குக் கரண்ட் செய்யும் வேலையைப் பார்த்தது. சீரான ஓட்டம், அதற்குப் பிடித்த வேலை. அதுவும் கண்காட்சியோடு சரி.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். பிக் ரெட்டில் எனக்கு இன்று பெரிதாகத் தெரிவது டர்பைன் இல்லை. 1964இல் ஒருவன் டிரைவருக்குக் கழிப்பறை வேண்டும் என்று யோசித்திருக்கிறான். அப்பா முப்பத்தைந்து வருடம் அடக்கிக்கொண்டு ஓட்டினார், தண்ணீர் குடிக்காமல் ஓட்டினார், சிறுநீரகக் கல்லுக்கு இரண்டு முறை ஆபரேஷன். குடோன் வாசலில் ஒன்றரை நாள் காத்திருக்க வைப்பார்கள், உள்ளே இருக்கும் கழிப்பறைக்கு டிரைவரை விடமாட்டார்கள். எஞ்சினைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறோம்.

2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்ற செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கக்கூஸ்?" என்றார்.