வாசகர் கேள்வி – பதில்: வண்டி வராத வழியில் சைக்கிள் பயணம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 62. நானும் மனைவியும் தினமும் காலையில் வாய்க்கால் கரையோரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறோம். இப்போது கரையிலும் டிப்பர் லாரிகள் வரத் தொடங்கிவிட்டன. மகள் பிரான்சில் லியோன் நகரில் வேலை பார்க்கிறாள். அங்கே கிராமங்களின் நடுவே வண்டிகளே வராத சைக்கிள் பாதைகள் இருக்கின்றன, இருவரும் வாருங்கள் என்கிறாள். இது உண்மையா? எங்கள் வயதில் முடியுமா? – கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: உண்மைதான் ஐயா, முடியவும் முடியும். பிரெஞ்சுச் சாலை விதிகளில் 'வ்வா வெர்த்', அதாவது பசுமை வழி, என்ற தனிப் பிரிவே 2004 முதல் இருக்கிறது. அந்தப் பலகை நட்ட பாதையில் சைக்கிளில் வருபவர்களும் நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் போகலாம். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஊர்ச் சாலை குறுக்கிடும் இடங்களில் மட்டும் நின்று பார்த்துக் கடக்க வேண்டும்.

ஏற்றம் பற்றித்தான் உங்களுக்குக் கவலை இருக்கும். இந்தப் பாதைகளில் பல, ரயில் நின்றுபோன பழைய இருப்புப்பாதைகளின் மேலும் கால்வாய்க் கரைகளின் மேலும் போடப்பட்டவை. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஏறுவதற்கு நீலகிரி ரயிலுக்குப் பல்சக்கரம் தேவைப்படுகிறதல்லவா? பல்சக்கரம் இல்லாத சாதாரண ரயிலால் அத்தகைய ஏற்றத்தில் ஏற முடியாது என்பதால், அதற்குப் பாதை போட்டவர்கள் குன்றைச் சுற்றியும் குடைந்தும் மெல்ல மெல்லத்தான் உயர்த்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் ரயிலுக்காகச் செய்த அந்தப் பாடு இன்று உங்கள் முழங்காலைக் காப்பாற்றும்.

லியோனிலிருந்து போவதானால் நான் தயங்காமல் சொல்வது பர்கண்டி வட்டாரத்தைத்தான். ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர் தூரத்துக்குப் பழைய ரயில்பாதையின் மேல் தார் போட்டு 1997-இல் திறந்தார்கள். பிரான்சின் முதல் பசுமை வழி அதுதான். பிறகு அது தெற்கே மாக்கோன் நகரத்தை நோக்கி நீண்டது. லியோனிலிருந்து வட்டார ரயிலில் மாக்கோன் போய் இறங்கி, முதல் நாள் க்ளூனியிலும் இரண்டாம் நாள் கொர்மத்தான் என்ற சிற்றூரிலும் தங்கி, மூன்றாம் நாள் ஜிவ்ரி வழியாக ஷாலோன் நகரத்தை அடைந்தால், அங்கிருந்து ரயிலிலேயே லியோன் திரும்பிவிடலாம். கடைசி நாள்தான் சற்று நீளம், நாற்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். நீங்கள் தினமும் ஓட்டுகிறவர்கள் என்பதால், காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துக்கொண்டால் சிரமம் இருக்காது. க்ளூனியில் கி.பி. 910-இல் தோன்றிய மடாலயத்தின் எஞ்சிய பகுதிகளைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு இடித்தது போக நிற்பவை சில கோபுரங்களும் சுவர்களும்தான் என்றாலும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

க்ளூனிக்குத் தெற்கே இந்தப் பாதை ப்வா க்ளேர் என்ற குன்றைக் குடைந்து 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய ரயில் சுரங்கத்துக்குள் போகிறது. நான் போனது ஜூன் மாதத்து நடுப்பகல். வெளியே வெயில் சுட்டுக்கொண்டிருந்தது; உள்ளே நுழைந்த சில நிமிடங்களிலேயே கைவிரல்கள் பிரேக்கின் மேல் விறைத்துப்போயின. மேலேயிருந்து சொட்டிய நீர்த்துளி ஒன்று பிடரியில் விழுந்தது. என் சைக்கிள் செயின் ஓடும் சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி வர, யாரோ பின்னால் வருகிறார்கள் என்றே எண்ணித் திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்குகின்றன என்பதற்காகச் சுரங்கத்தை மூடிவிட்டு, சைக்கிள்காரர்களைக் குன்றின் மேல் சுற்றிப் போகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் பெரிய மதிப்பு உண்டாயிற்று. நீங்கள் கோடையில் போனாலும் ஒரு ஸ்வெட்டரும் சைக்கிள் விளக்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிரான்சின் தென்பகுதியிலுள்ள கனால் து மிதி கால்வாயைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அது மிக அழகான இடம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. பியேர் போல் ரிக்கே என்பவர் 1666-இல் தொடங்கி, அவர் இறந்த மறுவருடம் 1681-இல் முடிந்த வேலை அது. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். கால்வாய் மேட்டைத் தாண்டும் இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் அவருக்கு முன்னிருந்தவர்களைத் தடுத்த கேள்வி. அவர் மலையோடைகளின் நீரைச் செயின்ட் ஃபெரியோல் என்ற அணையில் தேக்கி, வாய்க்கால் வெட்டி மேட்டுக்கே கொண்டுவந்தார். மேற்கே பாய வேண்டிய ஆற்றைக் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரில் பயிர் செய்கிற நமக்கு அந்தச் சாமர்த்தியத்தின் அருமை தெரியும். ஆனால் துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் வரைதான் வழுவழுப்பான தார்ப்பாதை. அதற்கப்பால் பல இடங்களில் மர வேர்களும் கற்களும் மண்ணுமாக இருப்பதால், மணிக்கட்டு நொந்துபோகும். ஆகவே அதை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். அந்தக் கிராமங்களில் என்ன சாப்பிடுவது? தண்ணீர் கிடைக்குமா? – சித்தூர் வாசகி

பதில்: கிடைக்கும் அம்மா, ஆனால் நேரம் பார்த்துத்தான் கிடைக்கும். கிராமத்துக் கடைகள் நண்பகலில் சாத்தினால் இரண்டு மணி வரை திறக்காமல் இருப்பது வழக்கம். ஞாயிறு பிற்பகலிலும் திங்களன்றும் பல கடைகள் திறப்பதே இல்லை. காலையில் ரொட்டிக் கடையைக் கண்டவுடனே அன்றைக்கு வேண்டிய ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, பழம் ஆகியவற்றை வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கொண்டுபோனால் அந்த ரொட்டியே விருந்தாகிவிடும். உணவகத்தில் 'இறைச்சியும் மீனும் வேண்டாம்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும்.

தண்ணீருக்கு அங்குள்ள சைக்கிள்காரர்கள் தேடுவது ஊர்க் கல்லறைத் தோட்டத்தை. பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக வாசலருகே குழாய் வைத்திருப்பார்கள். நமக்கு அங்கே போய்த் தண்ணீர் பிடிக்க மனம் சற்றுக் கூசும். எனக்கும் முதல் நாள் கூசியது. 'குடிக்கத் தகாதது' என்ற அறிவிப்பு குழாயின் மேல் இல்லையா என்று பார்த்துக்கொண்டு பிடியுங்கள்.

சைக்கிள் சுற்றுலா என்ற எண்ணத்தைப் பிரான்சில் பரப்பியவர்களுள் முதன்மையானவர், செயின்ட் எத்தியென் ஊரில் வாழ்ந்த, வெலோசியோ என்ற புனைபெயர் கொண்ட போல் தெ விவி (1853–1930). அவரும் சைவ உணவுக்காரரே. பசி வருமுன் சாப்பிடு, தாகம் வருமுன் குடி, வீம்புக்காக மிதிக்காதே என்பவை அவர் வகுத்த விதிகளில் சில. சைவம் சாப்பிட்டால் மிதிக்கத் தெம்பு இருக்குமா என்று கேட்பவர்களுக்கு அவரைக் காட்டலாம்.

கேள்வி: என் சைக்கிளையே விமானத்தில் கொண்டுபோகலாமா? விதிகள் கடுமையா? – மீனாட்சிபுரம், கல்லூரி மாணவர்

பதில்: முதல் பயணத்துக்கு வாடகை சைக்கிளே நல்லது தம்பி. 'அக்கேய் வெலோ' என்ற முத்திரை பெற்ற விடுதிகளைத் தேடிப் பதிவு செய்யுங்கள். அவை பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் தரும். வாடகை சைக்கிளை எடுத்தவுடன் ட்யூபின் வாயைப் பாருங்கள். நம் ஊர்ப் பம்பு ஏறாத மெல்லிய வாய் அங்கே பரவலாக உண்டு, ஆகவே அதற்கேற்ற பம்பைக் கடைக்காரரிடமே கேட்டு வாங்குங்கள்.

சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். காதில் இயர்போன் கூடாது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். ஊருக்கு வெளியே இரவில் ஒளிரும் சட்டை அணிய வேண்டும். அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு தேவை. வட்டார ரயில்களில் அவ்வளவு கெடுபிடி இல்லை. பிரான்சுக்குள் நுழையத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

கேள்வி: எந்த மாதம், எந்தத் திசையில் போவது நல்லது? – கொல்லங்கோடு வாசகி

பதில்: மே, ஜூன், இல்லையென்றால் செப்டம்பர். ஆகஸ்டில் பிரெஞ்சுக் குடும்பங்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் விடுதி கிடைப்பது அரிது. தெற்கே வெயிலும் அதிகம்.

திசையைப் பற்றிக் கேட்கத் தோன்றியது நீங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சைக்கிள் மிதித்தவர் என்பதால்தான். கணவாயில் காற்று எதிர்த்தால் சமதரையும் மலையாகும் என்பது நமக்குத் தெரியும். துலூஸுக்குக் கிழக்கே நொரூஸ் என்ற இடத்திலும் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே அப்படியொரு தாழ்ந்த வாசல் இருக்கிறது. அங்கே தென்கிழக்கிலிருந்து 'ஓத்தான்' என்ற காற்று சில நாள்கள் விடாமல் வீசும். பிரான்சில் மேற்கே கடலில் கலக்கும் லுவார் ஆற்றோரத்தில் பெரும்பாலும் மேற்குக் காற்று. அங்கே ஆற்றோட்டத்தோடு கடலை நோக்கி மேற்கே போவதைவிட, கடற்கரையில் தொடங்கிக் கிழக்கே வருவது எளிது. ஆற்றங்கரை ஏற்றம் மிகச் சிறியது, காற்றின் தள்ளலே பெரியது. விடுதியில் முதல் நாள் மாலையே மறுநாள் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுங்கள். எதிர்க்காற்று என்றால் விடியற்காலையில் கிளம்பி, அது வலுப்பதற்குள் பாதி தூரத்தைக் கடந்துவிடுங்கள்.