பரிசல் நின்றது, அட்வான்ஸ் மாட்டிக்கொண்டது

கேள்வி: பாலக்கோட்டில் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் ஏஜென்சி நடத்துகிறேன். ஒகேனக்கல் பக்கம் ஆற்றோர ரிசார்ட் ஒன்றில் 70 டீலர்களுக்கு இரண்டு நாள் மீட்டிங் வைக்க 1,40,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். மீட்டிங்குக்கு நாலு நாள் முன்னால், பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து கூடுகிறது என்று செய்தி பார்த்து, "நாங்கள் வரவில்லை, பணத்தைத் திருப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். மறுநாளே பரிசலுக்கும் குளிக்கவும் தடை வந்துவிட்டது. ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் ஒரு பைசா கிடையாது என்று பில்லில் இருக்கிறதாம். மேனேஜர் மரியாதை இல்லாமல் பேசினார். இதில் அதே தேதியில் நாங்கள் பேசிய ஹாலில் யாருக்கோ நிச்சயதார்த்தம் வேறு நடந்திருக்கிறது! நுகர்வோர் கோர்ட்டில் மன உளைச்சலுக்கும் சேர்த்து 10 லட்சம் கேட்கலாமா?

பதில்: மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள், சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அதில் இரண்டரைப் பக்கம் மேனேஜர் பேச்சு. அதை விடுங்கள்.

வெள்ளத்தையும் விடுங்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 56, அதாவது ஒப்பந்தம் நிறைவேற்றவே முடியாமல் போவது, இங்கே ஒட்டாது. உங்கள் பில்லில் இருப்பது ஹால், அறை, சாப்பாடு. பரிசல் சவாரி அதில் இல்லை. போதாததற்கு உங்கள் மெசேஜ் தடைக்கு முந்தின நாள் போயிருக்கிறது. ரத்து செய்தது நீங்கள்தான், இதில் வாதாட ஒன்றும் இல்லை.

நீங்கள் ஆத்திரத்தில் கடைசியில் சொன்ன நிச்சயதார்த்தம்தான் உங்கள் வழக்கே. பிரிவு 74 படி, "திருப்பித் தரமாட்டோம்" என்று பில்லில் அடித்துவிட்டால் மட்டும் முழு அட்வான்ஸையும் விழுங்கிவிட முடியாது, நியாயமான இழப்பீடு வரைதான் உரிமை. நஷ்டமே இல்லாத இடத்தில் பறிமுதலும் இல்லை என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே ஹாலை அதே தேதியில் இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டவர், ஹால் சும்மா கிடந்தது என்று எப்படிச் சொல்வார்? ஆனால் ஹாலைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அறைகள் காலியாகக் கிடந்திருந்தால் அந்த நஷ்டம் நிஜம், அதைக் கழித்துக்கொள்வார்கள்.

இப்போது நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். அந்த பில்லை யார் பெயரில் வாங்கினீர்கள்? ஏஜென்சி பெயரில், ஜிஎஸ்டி நம்பர் போட்டுத்தானே? கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் வியாபாரம் செய்யும் என் கட்சிக்காரர் ஒருவர், இதே மாதிரி அணைக்கரை ரிசார்ட் ஒன்றில் வாங்குவோர் கூட்டம் ஏற்பாடு செய்து, தகராறாகி, என்னிடம் வருவதற்கு முன்பே நுகர்வோர் ஆணையத்தில் போட்டுவிட்டார். ஒன்றரை வருஷம் வாய்தா. கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து வைத்தது ஒரே ஒரு தாள், தொழில் செலவு என்று காட்டி ஜிஎஸ்டியில் இவர் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்ட பில். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) படி வணிக நோக்கத்துக்குச் சேவை பெறுபவர் நுகர்வோரே இல்லை, மனு தள்ளுபடி. அதற்கப்புறம் சிவில் கோர்ட்டுக்குப் போனால் அங்கே மூன்று வருஷக் காலவரையறை. தவறான இடத்தில் போன நாட்களைக் கழிக்க வழி உண்டு, ஆனால் அதற்கு ஒரு தனிச் சண்டை. பள்ளி நண்பர்கள் ஒன்றுகூடல் என்றால் தாராளமாக ஆணையத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன். விற்பனையைக் கூட்டுவதற்கான டீலர் மீட்டிங்குக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. 10 லட்சம் என்று எழுதினால் தொகை ஒன்றும் கூடிவிடாது.

அடுத்தது, ரிசார்ட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் போவதற்கு முன்னால் ஆதாரத்தை எடுங்கள். ரிசார்ட்டின் ஃபேஸ்புக் பக்கத்தில் அந்த மேடைப் படம், பெண் மாப்பிள்ளை பெயரும் தேதியும் போட்ட பேனரோடு, இருக்கிறதா பாருங்கள். நோட்டீஸ் கைக்குப் போன அன்றே அது காணாமல் போய்விடும். இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எடுத்த போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் (2023) பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் கொடுக்க அது வேண்டும். பாலக்கோட்டிலிருந்து அந்த நிச்சயத்துக்குப் போனவர் யாராவது உங்களுக்கே சொந்தமாக இருப்பார், நம் ஊர் அப்படித்தானே.

அப்புறம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் என் ஆலோசனை. ஒரு லட்சம் கேளுங்கள், எண்பதாயிரம் வங்கிக் கணக்கில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ளலாம்" என்று கூப்பன் நீட்டுவார்கள். அதை வாங்கி "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து ரிசார்ட் கைமாறிவிட்டது என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. பணம் ஏறுவதற்கு முன் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

நோட்டீஸில் மேனேஜர், மன உளைச்சல், வெள்ளம் மூன்றையும் எழுதவிடாதீர்கள். கட்டிய தொகை, தேதி, அன்று அந்த ஹாலில் நடந்த நிச்சயதார்த்தம், பதினைந்து நாள் கெடு. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.