அடுத்தவர் தேர்தலுக்கு விழித்திருப்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எகிப்தியர், ஜோர்டானியர், சிரியர், சூடானியர் என்று அலுவலகத்தில் பலர். 2024 அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த அன்று பாதிப் பேர் தூங்காத கண்களோடுதான் வேலைக்கு வந்தார்கள். ஆனால் யாரைக் கேட்டாலும், "டிரம்ப் வந்தால் என்ன, கமலா வந்தால் என்ன, எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். ஒன்றுதான் என்றால் விடிய விடியப் பார்ப்பது எதற்கு? சொந்த நாட்டுத் தேர்தலைப் பற்றி இவர்கள் வாயே திறப்பதில்லை. அடுத்த எஜமானன் யார் என்று காத்திருக்கும் அடிமை மனநிலையாகவே எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், ஷார்ஜா
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியதை எல்லாம் நானும் கண்ணால் கண்டிருக்கிறேன். அடிமை மனநிலை என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

2000ஆம் ஆண்டு குவைத்தில் ஓர் அலுவலகக் கணக்குப் பிரிவில் இருந்தேன். எதிர் மேசையில் அலெக்சாந்திரியாக்காரர் ஒருவர். மூத்தவர் என்பதால் எல்லோரும் 'உஸ்தாஸ்' என்றே அழைப்போம். புஷ்ஷா அல் கோரா என்று பேச்சு வந்தால் அவரும் உங்கள் நண்பர்கள் சொன்னதைத்தான் சொல்வார்: "அஹ்மதும் ஒன்றுதான், ஹாஜி அஹ்மதும் ஒன்றுதான்." எகிப்தில் வழங்கும் பழமொழி. நம்முடைய 'ராமன் ஆண்டாலென்ன, ராவணன் ஆண்டாலென்ன' போல.

தேர்தல் முடிந்தது, முடிவு வரவில்லை. புளோரிடா மாநிலத்து வாக்குகளின் இழுபறி 36 நாட்கள் நீண்டது. ஒருநாள் தேநீர் அறைத் தொலைக்காட்சியில் ஓர் அதிகாரி வாக்குச்சீட்டு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, துளை முழுதாக விழுந்திருக்கிறதா என்று கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உஸ்தாஸ் கையில் கோப்போடு வாசலிலேயே நின்றுவிட்டார். "ஒரே ஒரு ஆளுடைய சீட்டு. அதைப் போய் இப்படிப் பார்க்கிறார்களே" என்றார். அதில் கேலி இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் நாடான எகிப்தில் அதிபர் முபாரக் நான்காம் முறையாக 'தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்'. சீட்டில் ஒரே பெயர். ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லலாம். 93 விழுக்காட்டுக்கு மேல் 'ஆம்'. நாட்டின் தலைவருக்கே முடிவு தெரியாத ஒரு தேர்தல் இரவு அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

பார்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்தத் தேர்தலில் எனக்குத் தெரிந்த அரபு நண்பர்கள் பலர் உள்ளூர புஷ் வர வேண்டும் என்றே விரும்பினார்கள். காரணம் அவருடைய அப்பா, முன்னாள் அதிபர் மூத்த புஷ். பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேல் கட்டும் குடியேற்றங்களைக் காரணம் காட்டி அந்நாட்டுக்கான 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை 1991இல் நிறுத்திவைத்தவர், அதே ஆண்டு அரபு-இஸ்ரேல் அமைதிக்காக மாட்ரிட் மாநாட்டைக் கூட்டியவர். குவைத்திகளுக்கோ, தங்கள் நாட்டை ஈராக்கிடமிருந்து மீட்டுக் கொடுத்தவரின் மகன். கடைசியில் மகன் 537 வாக்கு வித்தியாசத்தில் புளோரிடாவை வென்று அதிபரானார். 2003 மார்ச்சில் அவருடைய படைகள் குவைத் எல்லையைத் தாண்டி ஈராக்குக்குள் போயின. ஏவுகணை எச்சரிக்கைச் சங்கு ஊத, கட்டடத்தின் அடித்தளத்தில் நாங்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உஸ்தாஸ் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "537" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே 'எல்லாம் ஒன்றுதான்' என்பது அக்கறையற்றவன் பேச்சு அல்ல, நண்பரே. நம்பிச் சூடுபட்டவன் பேச்சு. 2009 ஜூன் 4 அன்று கெய்ரோ பல்கலைக்கழகத்தில் ஒபாமா 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று சொன்னதும் எழுந்த கைதட்டலை நினைத்துப் பாருங்கள். குடியேற்றங்கள் நிற்கவில்லை. சிரியாவில் இரசாயன ஆயுதம் 'சிவப்புக் கோடு' என்று அவரே சொன்னார். 2013 ஆகஸ்டில் டமாஸ்கஸை ஒட்டிய கூத்தாவில் அந்தக் கோடு தாண்டப்பட்டபோது அமெரிக்கா தாக்கவில்லை. உங்கள் சிரிய நண்பரிடம் அந்தக் கோடு பற்றிக் கேளுங்கள். வாக்குரிமை உள்ள அரபு மக்களின் கதையும் வேறல்ல. அரபு வம்சாவளியினர் நிறைந்த அமெரிக்க நகரம், மிச்சிகனின் டியர்போர்ன், 2020இல் பைடனுக்கு வாக்களித்தது. காசா போருக்குப் பிறகு 2024இல் அங்கே டிரம்ப் முந்தினார், கமலா பின்தங்கினார்.

எல்லா அரபு நாடுகளும் வாஷிங்டனையே பார்ப்பதாகவும் எண்ண வேண்டாம். அல்ஜீரியர்களுக்குப் பாரிஸ்தான் முக்கியம். 2003இல் பிரெஞ்சு அதிபர் சிராக் அல்ஜீரியா சென்றபோது தெருவில் திரண்ட கூட்டம் 'விசா, விசா' என்று குரல் கொடுத்தது.

சொந்த நாட்டைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்கிறீர்கள். அவர்களுக்கு ஊரில் அண்ணன் தம்பி இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். பேசினால் என்ன ஆகும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

உஸ்தாஸ் 2008இல் ஊர் திரும்பிவிட்டார். 2012 ஜூன் 24 அன்று எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். எகிப்தின் அதிபர் தேர்தலில் வென்றது மூர்சியா ஷஃபீக்கா என்று தேர்தல் ஆணையத் தலைவர் அறிவிக்க வேண்டும். அவரோ புகார் மனுக்களின் விவரங்களை வாசித்துக்கொண்டே போகிறார். "இன்னும் பெயரைச் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை" என்று உஸ்தாஸ் குழந்தையைப் போலக் கத்தினார். அவர் யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அன்று அறுபது வயது இருக்கும். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் நாட்டு முடிவு தெரியாமல் காத்திருந்தார்.

2014 எகிப்து அதிபர் தேர்தலில் சிசி ஏறக்குறைய 97 விழுக்காடு பெற்றார். அன்று உஸ்தாஸ் அழைக்கவில்லை. அடுத்த தேர்தல்கள் நடந்த 2018இலும் 2023இலும் இல்லை.

2024 நவம்பர் 6, இங்கே காலை எட்டரை மணி. கெய்ரோவில் அப்போது அதிகாலை ஐந்து. செல்பேசியில் அவரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: "பென்சில்வேனியாவில் எவ்வளவு எண்ணியிருக்கிறார்கள்?"