பனிப்போர் எதிரிகளாக இருந்த சோவியத்தும் மேற்கு ஐரோப்பாவும் எரிவாயு வணிகம் செய்தது எப்படி? அது ஏன் 2022-ல் முறிந்தது?

ஒருவரை ஒருவர் கொஞ்சமும் நம்பாதவர்கள், நம்பாமலேயே காலம் தள்ளும்படி போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. அதில் இருந்த பாதுகாப்புகளைப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள். உக்ரைன் போரைத் தொடங்கியது ரஷ்யாதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எரிவாயு ஆயுதமாக மாற முடிந்ததற்கு இந்தக் கழற்றலே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வரலாறு எரிவாயுவுக்கு முன்பே, குழாயில் தொடங்குகிறது. சோவியத்திடம் எண்ணெயும் வாயுவும் கொட்டிக் கிடந்தன. அவற்றைக் கொண்டுபோக அகன்ற விட்டமுள்ள எஃகுக் குழாய்களைத் தேவையான அளவு செய்யும் ஆலைகள் இல்லை. மேற்கு ஜெர்மனியின் மன்னஸ்மான், ஹோஷ் போன்ற நிறுவனங்கள் விற்கத் தயாராக இருந்தன. 1962 நவம்பரில் அமெரிக்காவின் நெருக்குதலால் நேட்டோ அந்த விற்பனைக்குத் தடை கேட்டது, மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடெனாவரின் அரசு நிறுத்தியது. சோவியத்தின் செல்யாபின்ஸ்க் ஆலைத் தொழிலாளர்கள் தாங்களே குழாய் செய்து, அதன் மேல் அடெனாவரைக் கேலி செய்து சாக்பீஸால் எழுதினார்கள். கிழக்கு ஐரோப்பாவுக்கான துருழ்பா எண்ணெய்க் குழாய் தாமதமானாலும் முடிந்தது. ஜெர்மன் ஆலைகளுக்குத்தான் ஆர்டர் போயிற்று. 1966-ல் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

அடுத்து ஆஸ்திரியா. 1968 ஜூன் 1 அன்று அதன் அரசு எண்ணெய் நிறுவனம் மாஸ்கோவுடன் கையெழுத்திட்டது. செப்டம்பர் 1-ல் பவும்கார்ட்டன் எல்லை நிலையத்துக்கு வாயு வந்து சேர்ந்தது. குழாய் வந்த வழி செக்கோஸ்லோவாக்கியா. ஆகஸ்ட் 20 நள்ளிரவில்தான் வார்சா ஒப்பந்தப் படைகளின் டாங்கிகள் அந்த நாட்டுக்குள் நுழைந்திருந்தன. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வியன்னாவும் சரி, மாஸ்கோவும் சரி, வாயு வருவதை நிறுத்தவில்லை. 'வணிகம் வந்தால் சமாதானம் வரும்' என்று சொல்பவர்கள் இந்தத் தேதிகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெரிய பேரம் 1970 பிப்ரவரி 1 அன்று எஸ்ஸன் நகரில் முடிந்தது. மன்னஸ்மான் குழாய் தரும். டாய்ச்ச வங்கி தலைமையிலான வங்கிகள் 120 கோடி மார்க் கடன் தரும். சோவியத் அதை வாயுவாகத் திருப்பித் தரும், மேற்கு ஜெர்மனியின் ரூர்காஸ் எரிவாயு நிறுவனம் 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ளும். சான்சலர் வில்லி பிராண்ட் மாஸ்கோவில் கையெழுத்திட்ட புகழ்பெற்ற உடன்படிக்கை இதற்கு ஆறு மாதம் கழித்தே வந்தது. அவருக்கும் முன்னால் இதை விரும்பியவர்கள் பவேரியாவின் பழமைவாதிகள் என்பது பலருக்குத் தெரியாது. ரூர் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெகுதூரத்தில் இருந்ததால் பவேரிய ஆலைகள் எரிபொருளுக்கு அதிக விலை கொடுத்தன. அந்த மாநிலத்தின் பொருளாதார அமைச்சர் ஓட்டோ ஷெடல், கம்யூனிச எதிர்ப்புக் கட்சிக்காரர்தான், சோவியத் வாயுவுக்காக விடாமல் வாதாடினார். 1973 அக்டோபர் 1-ல் வாயு வந்தது. அதே மாதம் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையும் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மானியர்களுக்கு மாஸ்கோ நம்பகமான விற்பனையாளராகத் தெரிந்ததில் வியப்பில்லை.

எண்ணெய்க் கப்பலை நடுக்கடலில் வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடலாம். குழாயைத் திருப்ப முடியாது. விற்பவருக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை, வாங்குபவருக்கு வேறு குழாய் இல்லை. ஒப்பந்தமும் அப்படியே எழுதப்பட்டது: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்ச அளவுக்குக் காசு கட்டியாக வேண்டும். சோவியத்துக்கு இது அந்நியச் செலாவணி. தானியமும் இயந்திரமும் வாங்க வேறு வழி அதற்கு அதிகம் இல்லை.

இந்தக் கட்டமைப்பின் உண்மையான சோதனை 1982. மேற்கு சைபீரியாவின் உரெங்கோய் வயலிலிருந்து உக்ரைன் எல்லையிலுள்ள உஷ்ஹொரோத் வரை 4,451 கிலோமீட்டர் குழாய், ஆண்டுக்கு 3,200 கோடி கன மீட்டர் கொள்ளளவு. ரூர்காஸ் 1981 நவம்பரில் கையெழுத்திட்டது. டிசம்பர் 13-ல் போலந்தில் ராணுவச் சட்டம், சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தினர் சிறையில். அமெரிக்க அதிபர் ரீகன் அந்த மாதமே அமெரிக்க உபகரணங்களுக்குத் தடை போட்டார். நீண்ட குழாயில் வாயு தானாக ஓடாது, வழி நெடுக கம்ப்ரசர் நிலையங்கள் அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அவற்றின் டர்பைன்களுக்கான முக்கிய பாகம் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழில்நுட்பம். 1982 ஜூனில் ரீகன், அமெரிக்க உரிமத்தில் ஐரோப்பாவில் செய்யப்படும் பொருளுக்கும் தடையை நீட்டினார்.

ஐரோப்பா கொதித்தது. பிரான்ஸ் அரசு, டிரெஸ்ஸர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளைக்கு கம்ப்ரசர்களை அனுப்பியே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது. ரீகனின் நெருங்கிய நண்பரான பிரிட்டன் பிரதமர் தாட்சரே தன் நாட்டுச் சட்டத்தைக் காட்டி அங்குள்ள நிறுவனங்களை அந்தத் தடையை மீறச் சொன்னார். பிரிட்டனில் 30 லட்சம் பேர் வேலையின்றி இருந்த நேரம், டர்பைன் செய்யும் கிளைட்பேங்க் ஆலை அவருக்கு முக்கியம். ஐரோப்பியர்கள் கேட்ட கேள்விக்கு வாஷிங்டனிடம் நல்ல பதில் இல்லை: முந்தைய ஆண்டுதான் சோவியத்துக்கான தானியத் தடையை நீங்களே நீக்கினீர்கள், உங்கள் விவசாயி விற்கலாம், எங்கள் தொழிலாளி விற்கக் கூடாதா? 1982 நவம்பர் 13-ல் ரீகன் தடையை விலக்கினார்.

இந்த இடத்தில் பலர் கதையை முடித்துவிடுகிறார்கள், ஐரோப்பா வென்றது என்று. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சண்டையின் ஓரத்தில் நடந்தது. ரீகன் எழுப்பிய பயத்தை ஐரோப்பியர்கள் வெளியே மறுத்தாலும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மேற்கு ஜெர்மனியின் பான் நகர அரசு, தன் எரிவாயுவில் சோவியத் பங்குக்கு 30 சதவீதம் என்று வரம்பு வைத்தது. ஒரே நாட்டை அளவுக்கு மீறிச் சார்ந்திருக்கக் கூடாது என்று 1983 மே மாதம் பன்னாட்டு எரிசக்தி முகமையின் அமைச்சர்கள் அறிவித்தார்கள். 1986-ல் நார்வேயின் ட்ரோல் வயலுக்கு விலை அதிகம் என்று தெரிந்தும் ஒப்பந்தம் போட்டார்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் வயல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, குளிர் கூடினால் உற்பத்தியைக் கூட்டலாம்.

1991-க்குப் பிறகு எதிரி இல்லை என்று முடிவானது. காப்பும் தேவையில்லை என்றானது. ரஷ்யாவுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் இப்போது உக்ரைன் என்ற தனி நாடு. விலைத் தகராறில் 2006-ல் சில நாள், 2009 ஜனவரியில் சுமார் இரண்டு வாரம் வாயு நின்றது, பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் நடுங்கின. ஜெர்மனி இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், நடுவில் இருப்பவரைச் சுற்றிக்கொண்டு போவது. 2011-ல் பால்டிக் கடலுக்கடியில் நார்ட் ஸ்ட்ரீம் திறந்தது. அந்தத் திட்டத்தை 2006-லேயே போலந்தின் பாதுகாப்பு அமைச்சர் சிகோர்ஸ்கி, 1939-ல் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்குபோட்ட மோலோடோவ்-ரிப்பன்ட்ராப் ஒப்பந்தத்துடன் ஒப்பிட்டபோது மிகைப்படுத்துகிறார் என்றார்கள். அவர் பயந்தது நியாயம். பெரும்பாலான வாயு உக்ரைன் வழியே போனவரை, உக்ரைனை அடித்தால் மாஸ்கோவின் வருமானமும் அடிபடும். மாற்றுக் குழாய் அந்தக் கட்டை அவிழ்த்தது. இன்னொரு பக்கம் நிலநடுக்கங்களால் க்ரோனிங்கன் உற்பத்தி சுருங்கியது. 2021-ல் ஜெர்மனியின் எரிவாயு இறக்குமதியில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. எல்.என்.ஜி. (திரவமாக்கிய எரிவாயு) கப்பலை இறக்க ஒரு முனையம்கூட அப்போது அந்த நாட்டில் இல்லை.

ஆக 2022-ல் மாஸ்கோ வால்வைத் திருகியபோது, 1980-களில் செய்த தயாரிப்புகள் பல இல்லை. ஆகஸ்ட் இறுதியில் நார்ட் ஸ்ட்ரீம் ஓட்டம் நின்றது, செப்டம்பர் 26-ல் குழாய்களே வெடிக்கப்பட்டன. உக்ரைன் வழிக் குழாய் போருக்கு நடுவிலும் ஓடியது. ஒப்பந்தம் முடிந்ததும் 2025 ஜனவரி 1-ல் அதுவும் நின்றது.

இந்தக் கணக்கில் ஐரோப்பா மட்டும் இழந்ததாக எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். பணம் இருந்ததால் அது உலகச் சந்தையில் எல்.என்.ஜி. கப்பல்களை வளைத்துப் பிடித்தது. 2022 ஜூலையில் பாகிஸ்தான் கோரிய டெண்டருக்கு ஒரு விற்பனையாளர்கூட வரவில்லை. வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி மின்வெட்டை அறிவித்தது. நம் அரசு எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு எல்.என்.ஜி. தர வேண்டியது, ரஷ்ய அரசு நிறுவனமான காஸ்ப்ரோமின் சிங்கப்பூர்க் கிளை. அதன் தாய் நிறுவனமான காஸ்ப்ரோம் ஜெர்மானியாவை ஜெர்மன் அரசு ஏப்ரலில் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்ட பிறகு, ஒப்பந்தப்படி நமக்கு வர வேண்டிய கப்பல்கள் வரவில்லை. கெயில் உர ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தரும் வாயுவைக் குறைக்க நேர்ந்தது.